கோவை மத்திய சிறையின் பெட்ரோல் பங்க்கும் சிறைச் சந்தையும்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் மத்திய சிறை வளாகத்தை ஒட்டி, தண்டனைக் கைதிகளே பணிபுரியும் பெட்ரோல் பங்க் ஒன்று நடந்து வருகிறது. தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயில் நிறுவனமும் சேர்ந்து 'ஃப்ரீடம்' என்ற பெயரில் புழல், வேலூர், திருச்சி, பாளையங்கோட்டை ஆகிய இடங்களிலும் இத்தகைய பங்க்குகளை அமைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகளுக்கென்றே தனியாக ஒன்று திறக்கப்பட்டது. கோவையில் இதனுடன், சிறைக்குள் தயாராகும் பொருள்களை மக்களுக்கு விற்கும் சிறைச் சந்தையும் உண்டு. இரண்டிற்கும் நான் நெடுநாளைய வாடிக்கையாளன். பெட்ரோலின் அளவையும் துணியின் நெசவையும் மட்டும் சொல்லி இந்த மதிப்பீட்டை முடித்துக்கொள்ள என்னால் இயலாது. குற்றம் செய்தவரைத் திருத்துவது முதன்மையா, தண்டிப்பது முதன்மையா என்ற கேள்விக்கு அரசு கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றுதான் இந்த இடம் என்பதால், அந்த விடை எந்த அளவுக்குச் சரியானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பங்க். வண்டியை நிறுத்தியதும் "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லி, நாம் பார்த்துவிட்டோம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே குழாயை எடுக்கிறார்கள். கேட்ட தொகைக்குச் சரியாக நிறுத்துகிறார்கள். சில்லறையைத் திருப்பித் தருவதில் முணுமுணுப்பு இல்லை; ஆயில் மாற்றுங்கள், அது வாங்குங்கள், இது வாங்குங்கள் என்ற நச்சரிப்பும் இல்லை. அளவில் ஐயம் உள்ளவர்கள் எந்தப் பங்க்கிலும் ஐந்து லிட்டர் முத்திரைப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்ற உரிமை பலருக்குத் தெரிவதில்லை. இங்கே அப்படிக் கேட்க வேண்டிய எண்ணமே எனக்கு எழுந்ததில்லை. இங்கு நிற்பவர்கள் நன்னடத்தையின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மதிலுக்கு வெளியே, வெயிலில், ஊர் மக்களோடு பேசிக்கொண்டு செய்யும் இந்த வேலை அவர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்ட முறைக்குக் கிடைத்தது என்பதால், அதன் மதிப்பு அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ரொக்கப் பணத்தைக் கையில் வாங்கி எண்ணி வைக்கும் பொறுப்பை ஒரு தண்டனைக் கைதியிடம் ஒப்படைத்திருப்பதுதான் இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது. நம்பத்தகுந்தவராக இரு என்று ஒருவருக்கு அறிவுரை சொல்வதைவிட, நம்பி ஒரு பொறுப்பைக் கொடுப்பது அதிக வேலை செய்கிறது.

சிறைச் சந்தையில் தின்பண்டம் முதல் அன்றாட வீட்டுப் பொருள்கள் வரை கிடைத்தாலும், கோவைச் சிறையின் உண்மையான வலிமை தறியில்தான் இருக்கிறது. காவலர் சீருடைக்கான காக்கித் துணி இந்தச் சிறைக்குள் நெய்யப்படுகிறது என்பது நம் பகுதியிலேயே பலர் அறியாத செய்தி. சென்னிமலைப் போர்வையையும் பவானி ஜமக்காளத்தையும் தொட்டுப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் துணி விஷயத்தில் யாருக்கும் சலுகை காட்ட மாட்டார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தாலும் இங்குள்ள நெசவு நெருக்கமாக, ஒழுங்காக, உழைக்கக் கூடியதாக இருக்கிறது. பகட்டு இல்லை, அதைத் தேடி இங்கே வரவும் வேண்டாம்.

இதே சிறையில் வேலை என்பதற்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. 1908 முதல் 1910 வரை வ. உ. சிதம்பரனார் இங்கே அடைக்கப்பட்டிருந்தபோது, மாட்டைப் பூட்டும் இடத்தில் அவரை நிறுத்திச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. உடம்பையும் மானத்தையும் ஒருசேர ஒடிப்பதே அந்த வேலையின் நோக்கமாக இருந்ததால், அதிலிருந்து எண்ணெய் வந்ததா இல்லையா என்பது ஆட்சியாளர்களுக்கு முக்கியமே இல்லை. கடுங்காவல் என்ற சொல் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தண்டனை பெற்றவர் வேலை செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு நியாயமான கூலி தரப்பட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதற்கும் தொழிலாகக் கொடுப்பதற்கும் உள்ள தொலைவு, இந்த ஒரு மதிலைச் சுற்றி நடந்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன், தள்ளிவிடும் இடத்தில் கொங்கு நாடு இன்று இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், 2025இல் சிவகிரி அருகே தனியாக வாழ்ந்த முதிய தம்பதி அதேபோல் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட, காட்டுக்கு நடுவே மாடு கன்றுகளோடு இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் காங்கேயத்திலிருந்து கொடுமுடி வரைக்கும் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க அஞ்சுகிறார்கள். காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் இந்தப் பங்க்கைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது, அவர் கேட்டது இதுதான்: "ஏங்கண்ணு, கொன்னவனுக்குக் கூலி குடுக்கறாங்க சரி, செத்தவங்க ஊட்டுக்கு என்ன குடுத்தாங்க?"

திருத்தம் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் கடந்து போகக் கூடாது. அதே 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கைதியின் கூலியில் ஒரு பகுதியை எடுத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாகத் தருவதற்குச் சட்டம் செய்வது பற்றியும் பேசியிருக்கிறது. என் கருத்தில் இதுதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. செக்கிழுத்த கைதியின் வேர்வையால் எந்தக் குடும்பத்தின் கண்ணீரும் துடைக்கப்பட்டதில்லை. கூலி வாங்கும் கைதியின் உழைப்பிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை, அவரால் தகப்பனை இழந்த பிள்ளையின் படிப்புக்குப் போய்ச் சேர முடியும். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் தான் செய்ததன் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை ஒவ்வொரு மாதமும் அவருக்கு நினைவூட்டுவதற்கு அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே பங்க்கிலும் சந்தையிலும், கைதிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கூலி, அதில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போவது எவ்வளவு, அவர் கணக்கில் சேர்வது எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பாவைப் போன்றவர்கள் வந்து படித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு அவரை விடுவிப்பது பற்றி அரசு முடிவெடுக்கலாம். அப்படியானால் அவர் வருவாரா என்று கேட்பதைவிட, எப்படிப்பட்டவராக வருவார் என்று கேட்பதே தோட்டத்து வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு உதவும். கையில் தொழிலும், வங்கியில் கொஞ்சம் சேமிப்பும், காலையில் எழுந்து வேலைக்குப் போகும் பழக்கமும் உள்ளவராக வருவது ஒரு வகை. பதினான்கு ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் வன்மத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு வருவது மற்றொரு வகை. மதிலுக்குள் வாழும் அந்த ஆண்டுகள்தான் தண்டனை. குடும்பத்தைப் பிரிந்து, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் கழியும் அந்தக் காலத்தின் மேல் பட்டினியையும் அவமானத்தையும் கூட்டினால் இறந்தவர்கள் திரும்பப் போவதில்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனையை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று வரையறுத்த உச்ச நீதிமன்றம், குற்றவாளி திருந்துவதற்கு வாய்ப்பு உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொன்னது. சித்தப்பா முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை.

இனி, இந்தச் சேவை எட்டாத இடங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத இவர்களுக்குக் கட்டாய வேலையும் கிடையாது, முறையான பயிற்சியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வண்டி திருடிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கை தேர்ந்தவர்களின் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் அவன் வாழ்க்கை எந்தப் பக்கம் சாயும் என்பது முடிவாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமூக சேவையே தண்டனை என்று வகுத்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். சிறைக்குள் திருத்துவதைக் காட்டிலும் சிறைக்கே அனுப்பாமல் திருத்துவது நல்லது.

பங்க்கைப் பற்றிய என் பெரிய தயக்கம், பெட்ரோல் போடக் கற்றவர் வெளியே வந்து எதைக் கொண்டு பிழைப்பார் என்பதே. திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் தெரிந்தவருக்கும் கோவையில் லேத், மோட்டார் வைண்டிங், வார்ப்படம் தெரிந்தவருக்கும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் வட மாநிலங்களுக்கு வண்டி அனுப்புகிற காலம் இது. அப்படிப்பட்ட ஊரில், தண்டனை முடிந்து வந்த ஒருவர் தையல் நன்றாகத் தெரிந்தும் ஒரு பனியன் நிறுவனத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதை நான் அறிவேன். தைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துத் திருப்தி அடைந்த மேற்பார்வையாளர், நடுவில் விட்டுப்போன ஆண்டுகளைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதும் முகம் மாறிவிட்டார். சட்டம் விதித்த தண்டனையை முழுவதும் அனுபவித்துவிட்டு வந்தவர் மீது ஊர் விதிக்கும் இந்த இரண்டாம் தண்டனைக்கு முடிவுத் தேதியே இல்லை. தொழில் அமைப்புகள் சிறைத்துறையோடு பேசி, தேர்ந்த கைதிகளுக்குச் சிறைக்குள்ளேயே தங்கள் எந்திரங்களில் பயிற்சி கொடுத்து, விடுதலை நாளன்றே வேலைக் கடிதமும் கொடுக்க முன்வந்தால், பங்க்கில் தொடங்கிய காரியம் நிறைவு பெறும். சிங்காநல்லூரில் கைதிகள் நிலத்தில் உழைக்கும் திறந்தவெளிச் சிறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. மதில் இல்லாமலும் மனிதர்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை.

சேவை என்ற அளவில் பங்க்கிற்கு முழு மதிப்பெண் தருகிறேன். துணி வாங்குவோருக்குச் சந்தையையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் மிச்சம் இருக்கிறது. 1872இல் கட்டப்பட்ட இந்தச் சிறையை நகருக்கு வெளியே மாற்றும் ஏற்பாடுகள் நடந்து வருகின்றன. சிறை நிலத்தின் ஒரு பகுதியில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டும் விட்டது. சிறை எங்கே போனாலும் பங்க்கும் சந்தையும் காந்திபுரத்தை விட்டுப் போகக் கூடாது. ஊர் ஒதுக்குப்புறத்தில் வைத்தால் பொருள் விற்பது குறைவதோடு, நகரத்து மக்களும் கைதிகளும் நாள்தோறும் நேருக்கு நேர் நின்று கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கமும் அறுந்துவிடும். கைதிகளைக் காலையில் வண்டியில் அழைத்து வந்து மாலையில் திருப்பி அழைத்துச் செல்வது சிறைத்துறைக்குப் பெரிய செலவாக இராது.