பயாப்சிக்கு முன் உதவும் ஒருங்கிணைப்புச் செவிலியர் சேவை: நல்லது, ஒரு குறையோடு

பயாப்சி (சோதனைக்காகத் திசுத் துணுக்கு எடுப்பது) தேதி தள்ளிப்போகும்போதும், அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடவிருந்த ஊசி சி.டி. ஸ்கேன் பார்த்துப் போடுவதாக மாறும்போதும்தான் இந்தச் சேவையின் அருமை தெரியும். ஒரே எண், ஒரே செவிலியர். மாற்றத்துக்கான காரணத்தையும் மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறார். அந்தக் காரணம் தெரிந்தாலே பாதி பயம் குறையும்.

சறுக்குவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை விஷயத்தில். வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தேதி மாறினால் பழைய தாளில் எழுதிய நாள் செல்லாது. புதிய நாளை எழுத்தில் வாங்குங்கள்; நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் மறுபடி தேவைப்படலாம்.

மயக்க மருந்து உண்டென்றால் வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரம், தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் கேட்டால்தான் சொல்கிறார்கள், பெரிய குறை.