'ஆன் பேலன்ஸ்': ஒரு வக்கீலின் வாசிப்பு

நீதிபதி லீலா சேத்தின் தன்வரலாறு இது. 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. முதுகுப் பசை விட்டுவிட்டதால் கேஸ் கட்டுக்குப் போடும் நூலால் கட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை படித்து முடித்த கையோடு எழுதுகிறேன்.

எனக்கு மனப்பாடமாகிவிட்ட இடம் ஒன்று உண்டு. 1958இல் கைக்குழந்தையோடு படித்து, வக்கீலாவதற்கான லண்டன் பார் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் பெண் அவர். ஊர் திரும்பி, கல்கத்தாவில் சச்சின் சௌத்ரி என்ற பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேரப் போகிறார். போய்க் கல்யாணம் செய்துகொள் என்கிறார் சீனியர். ஆகிவிட்டது என்கிறார் இவர். சரி, ஒரு பிள்ளை பெற்றுக்கொள். இருக்கிறது. ஒற்றைப் பிள்ளை பாவமில்லையா, இன்னொன்று? இரண்டு இருக்கிறார்கள். சீனியர் சேர்த்துக்கொள்கிறார்.

22 ஆண்டுகளுக்கு முன் நான் சேரப் போன இடத்தில், "கல்யாணம் ஆனதும் நின்றுவிடுவாய் அம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். பதில் பேசத் தெரியாமல் படியிறங்கினேன். அன்று இந்தப் புத்தகம் என் கையில் இருந்திருக்க வேண்டும்.

பெண் வக்கீலா, ஜீவனாம்ச வழக்கைக் கொடு என்பது இன்றும் மாறவில்லை. அவரோ பாட்னாவில் பத்தாண்டு, பிறகு டெல்லியில் என வருமான வரி, கம்பெனி, சுங்கம் என்று எல்லா வகைக் கேஸ் கட்டுகளையும் பிரித்தவர். 1978இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1991இல் இமாசலப் பிரதேசத்தின் தலைமை நீதிபதி. மாநில உயர் நீதிமன்றம் ஒன்றுக்குப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

குறை என்றால், வீடு மாறிய கதைகளும் விருந்துகளும் நீளம். தீர்ப்பு எழுதும்போது மனம் எப்படி ஒரு பக்கம் சாய்கிறது என்பதை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

மத்திய அரசுக்குச் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும் சட்ட ஆணையத்தில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தை நான் சொந்தக் கதை போலப் படித்தேன். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு வேண்டும் என்று அந்த ஆணையம் 2000இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை. என் அக்காவுக்கு 1987இல் திருமணம். பாகம் பிரியாமல் கிடந்த எங்கள் நிலத்தில் அவளுக்கு வழி திறந்தது 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம்தான். இப்போது பட்டாவில் என் தம்பியின் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கிறது.

ஆங்கிலம் எளிமையானது, சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும். சட்டக் கல்லூரிக்குப் போகும் பெண் வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். சௌத்ரியிடம் சேரப் போகும் பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.