ஆகாய கங்கையா, மாசிலா அருவியா, புளியஞ்சோலையா?

கொல்லிமலைப் பக்கம் போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் எந்த அருவிக்குப் போவது? கூட வருகிறவர்களின் முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் நான் பதில் சொல்வேன்.

ஆகாய கங்கைக்கு நிகராக அந்த மலையில் வேறொன்றும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு, ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழுகிறது. கீழே போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்தபின் இறங்குவோம். இங்கே எல்லாம் தலைகீழ். இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போகிறவர்கள், குளித்துப் பசியோடு திரும்பும்போது இருபது படிக்கு ஒருதரம் உட்காருவார்கள். பல இடங்களில் படி செங்குத்து, ஈரமானால் வழுக்கும். மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்களைத் தயவுசெய்து "மெதுவாப் போகலாம் வாங்க" என்று அழைத்துப் போகாதீர்கள். பாதியில் திரும்பினாலும் ஏறித்தான் ஆகவேண்டும். நடக்க முடிந்தவர்களுக்கோ, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அருவி அந்தப் பக்கத்தில் கிடையாது. கிட்டே போகும் முன்பே சாரல் முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும்.

மாசிலா அருவி சிறியது. இறங்கவேண்டிய தூரமும் குறைவு. குழந்தைகளும் பெரியவர்களும் ஆசைதீரக் குளிக்கலாம். காட்டு நடை வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது போதாது.

புளியஞ்சோலையைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மேலே அருவியாக விழுந்த அதே ஐயாறுதான் மலையின் மறுபக்கம், திருச்சி மாவட்டத்தில், பாறைகளுக்கிடையே ஓடையாக வருகிறது. துறையூர் வழியாக அடிவாரத்துக்கே போய்விடலாம். நாமக்கல் பக்க அடிவாரமான காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஓடையோரமாக மர நிழலில் நடக்கலாம், அலுத்தால் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைக்கலாம். பெரிய அருவியை எதிர்பார்த்துப் போனால் மட்டும் ஏமாற்றமாக இருக்கும். அங்கிருந்து மலைமேல் ஏறும் காட்டுப்பாதையும் உண்டு. வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் அதில் போகக்கூடாது.

என் தேர்வு: இளவட்டங்கள் ஆகாய கங்கைக்கு, மூன்று தலைமுறையாகக் கிளம்பும் குடும்பம் புளியஞ்சோலைக்கு. மலைமேல் ஊரையும் மிளகுத் தோட்டங்களையும் பார்க்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு மாசிலா.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் மூன்றிலும் தண்ணீர் நன்றாக இருக்கும். கோடையில் ஆகாய கங்கை மெலிந்துவிடும். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையை ஆண்ட சங்ககால மன்னன் வல்வில் ஓரியின் விழாவுக்கு மலையே நிரம்பி வழியும்; அமைதியாகக் குளிக்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.