எட்டு வருடச் சக்கர நாற்காலி வாழ்க்கை: உண்மையில் உதவியது எது?

2017-ல் சாலை விபத்து ஒன்றில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது எனக்கு 34 வயது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் அம்மாவோடு எட்டாவது மாடியில் இருக்கிறேன். எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) பழையது. 2001-ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்திருக்காவிட்டால் எங்கள் மாடியில் லிப்டே நின்றிருக்காது. புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னைப் பயமுறுத்தியது குளியலறை. அம்மா 65 வயதைத் தாண்டியவர் என்பதால் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஈஸ் திட்டத்தில் (முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித் தரும் திட்டம்) கைப்பிடிகளும் வழுக்காத தரையும் கிடைத்தன. நாலறை வீட்டுக்குச் செலவில் 92.5 விழுக்காடு அரசு தருகிறது. வேலைக்கு வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. துளை போடும் முன் என்னை உள்ளே கூப்பிட்டார். "அண்ணே, குளிக்கிற நாற்காலியில உக்காந்து கைய நீட்டுங்க, எட்டுற இடத்துலதான் போடணும்" என்று சொல்லி, என் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கம்பியைத்தான் இன்றும் தினமும் பிடிக்கிறேன். உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது நீங்கள் கட்டாயம் பக்கத்தில் இருங்கள்.

மின்சார நாற்காலி, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதியில் வாங்கியது. 90 விழுக்காடு வரை கிடைக்கும். ஒருவருக்கு வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). குடும்ப வருமானம் பார்ப்பார்கள், தெரபிஸ்ட் மதிப்பீடும் வேண்டும். வாங்கும் முன் லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபலிங் வில்லேஜ் எனும் உடற்குறையுள்ளோருக்கான வளாகத்துக்குப் போய்ச் சாதனங்களை நேரில் பார்த்தது நல்லதாகப் போயிற்று. மூன்றாம் வருடம் மோட்டார் பழுதானது. சரிசெய்து தர விற்றவர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை கையால் தள்ளும் நாற்காலிதான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பழுதுபார்க்கவும் அந்த நிதியில் கேட்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. விலை பேசும்போதே, பழுதானால் மாற்று நாற்காலி தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவையை ஆறு மாதம் எடுத்தோம். அவர்கள் வரும் நேரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திவிட்டோம்.

வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்பவருக்காக அரசு தரும் இல்லப் பராமரிப்பு மானியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019-ல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023-ல் 400 வரை உயர்ந்தது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் துணை வேண்டும். மதிப்பீட்டுக்கு வந்தவர் "யார் குளிப்பாட்டுவது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "என் பிள்ளை எல்லாத்தையும் தானே செய்துக்குவான்" என்றார். பிள்ளையை வெளி ஆளிடம் விட்டுக்கொடுக்க மனசில்லை அவருக்கு. தினமும் காலையில் என்னைத் தூக்கி உட்கார வைத்து, முதுகு தேய்த்துவிடுவது அவர்தான். "அம்மா, உள்ளதைச் சொல்லுங்கள், இது உங்களுக்கான பணம்" என்று நான் சொன்னதும் அவர் கண் கலங்கியது. மதிப்பீட்டுக்கு முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

சரி, போக்குவரத்து. முதல் மூன்று வருடம் சக்கர நாற்காலி வேன்தான். பல நாள் முன்னாலேயே பதிய வேண்டும். ஒருமுறை உடற்பயிற்சி சிகிச்சை முடிந்து வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வேன்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி குறைவு, ஆள் அதிகம். ஆனால் வேனை மட்டும் நம்பினால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகத் தோன்றாது. என் வாழ்க்கையும் அப்படித்தான் சுருங்கியிருந்தது.

2020 டிசம்பரிலிருந்து சிங்கப்பூரின் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறலாம். நான் துணிந்து ஏறியது அதற்கு அடுத்த வருடம். ஓட்டுநர் இறங்கி வந்து, நடுக்கதவருகே குனிந்து, தரையோடு மடிந்திருந்த பலகையைத் தூக்கி நடைபாதை மேல் போட்டார். தடால் என்று ஒரு சத்தம். "ஸ்லோ ஸ்லோ, அவசரமில்லை" என்று பின்னால் நின்றுகொண்டார். உள்ளே நாற்காலி பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து நிற்கும், அதனால் எல்லா முகமும் என் எதிரே. முதல் சில மாதம் கூச்சத்தில் செல்பேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. இப்போது பள்ளிப் பிள்ளைகளே எனக்காகப் பொத்தானை அழுத்துகிறார்கள். சாலையைக் கடக்க, பல இடங்களில் போக்குவரத்து விளக்குக் கம்பத்தில் சலுகைப் பயண அட்டையைத் தட்டினால், நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு கூடுதலாகச் சில விநாடி எரியும். இந்த வசதி 2009-லிருந்தே இருக்கிறது.

இத்தனை உதவிகளில் என் முதல் மதிப்பெண் பஸ்ஸுக்குத்தான். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா பூ வேண்டும் என்றால், அன்றைக்கே கிளம்பித் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) இருப்பேன். கேம்பல் லேனில் வண்டிகள் வராது, நிம்மதியாகப் பூ வாங்கலாம். காய்கறிக் கடைப் பக்கம்தான் சிரமம். கடை முகப்பில் கூரைக்குக் கீழே போகும் ஐந்தடிப் பாதை கடைக்குக் கடை ஏறி இறங்கும், சக்கரம் ஏறாது. கடைக்காரர் அண்ணன் நான் கேட்டதை எடுத்துவந்து வெளியே தருகிறார். அந்தப் படிகளுக்குப் பலகை போட்டுவிட்டால், வெண்டைக்காயை நானே நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவேன்.