வாடகை வீட்டு இன்டர்நெட்: ஓனர் பெயரிலா, குடியிருப்பவர் பெயரிலா?

வருஷக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் என்றால் கேபிள், இன்டர்நெட் இரண்டும் குடியிருப்பவர் பெயரிலேயே இருக்கட்டும் என்பேன்.

ஓனர் எடுத்து வாடகையோடு சேர்த்துவிட்டால் குடிவந்த அன்றே வைஃபை கிடைக்கும், அது பெரிய வசதிதான். ஆனால் லைன் படுத்துவிட்டால் ராத்திரி 10 மணிக்கும் போன் ஓனருக்குத்தான் வரும். கம்பெனிக்காரர்கள் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்கள், ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவரோ வேறொருவர். அந்த இணைப்பில் யாராவது தப்புக் காரியம் செய்தாலும் முதல் கேள்வி கணக்கு வைத்திருப்பவருக்குத்தான்.

குடியிருப்பவர் எடுத்தால் வேகம், சேனல் எல்லாம் அவர் இஷ்டம், பில்லும் அவருடையது. சிக்கல் சுவரில்தான். எங்கே துளை போடலாம், ஃபைபர் எந்த வழியாக வரலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கதவிடுக்கில் நசுக்கி, மூலையில் கூர்மையாக மடக்கிக் கொண்டுபோனால் சிக்னல் குறையும். காலி செய்யும்போது ரவுட்டர், செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள்.

அறை அறையாக, மாதக்கணக்கில் விடுகிற வீடு என்றால் கதை வேறு. அங்கே ஓனர் இணைப்பே சரி, ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும்.