பாலையாவின் முகமா, கிரேசி மோகனின் வசனமா?

எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத நகைச்சுவைப் படம் எது என்று பேச்சு வந்தால் எங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964), இன்னொரு பக்கம் சிங்கீதம் சீனிவாசராவின் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). இரண்டும் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகிற படங்கள்தான். ஆனால் பிடித்துப்போகிற விதம் வேறு.

'மைக்கேல் மதன காமராஜன்' முதல் தடவை பாதிதான் காதில் விழும். வசனம் எழுதிய கிரேசி மோகன் சிரிக்க இடைவெளியே விடமாட்டார். ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போயிருக்கும். போதாக்குறைக்குக் கமலுக்கு நான்கு வேடம், வேடத்துக்கொரு பேச்சு. சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் காதுக்குப் பழகவே கொஞ்சம் நேரமாகும். சாம்பாரில் மீன் கிடக்கும் கட்டத்தில் முதலில் மீனுக்குத்தான் சிரிப்போம். பிறகுதான், பதறாத மாதிரி பதறும் டெல்லி கணேஷ் கண்ணில் படுவார். திருட்டுப் பாட்டி எஸ்.என்.லட்சுமியின் கை என்ன செய்கிறது என்று கவனிப்பதற்கே ஒருமுறை தனியாகப் பார்க்கலாம்.

'காதலிக்க நேரமில்லை'யில் அப்படித் தவறவிட எதுவும் இல்லை. சித்ராலயா கோபுவின் வசனம் நிதானமாக வரும், முதல் தடவையே எல்லாம் புரிந்துவிடும். அப்புறம் எதற்கு மறுபடி? எஸ்டேட் முதலாளியாக வரும் பாலையாவுக்காக. அவர் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியில் முதலில் எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்போம். குரலாலும் கையாலும் முழுப்படத்தையே ஓட்டிக் காட்டுகிறார் மனிதர். அடுத்த முறை கண் தானாகப் பாலையா பக்கம் போகும். பல படங்களில் வில்லனாக மிரட்டியவர், இங்கே உட்கார்ந்த இடத்திலேயே மிரண்டுபோகிறார். ஒரு பெரிய எஸ்டேட்காரரின் கர்வம் முழுக்க அந்த முகத்திலிருந்து வடிந்த மாதிரி இருக்கும். அதே மனிதர், முதலில் துரத்திய பையன் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றதும் வெறும் அசோக்கை 'அசோகர்' ஆக்கிவிடுவார். அந்த 'ர்' விகுதிக்கு நான் இன்னும் சிரிக்கிறேன்.

இரண்டு படத்திலும் நாகேஷ் இருக்கிறார் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்த இடம். 1964இல் கதை சொல்லி அடுத்தவரைக் கலங்கடித்தவர், 1990இல் கமலின் வேடங்களில் ஒன்றான மதனின் உதவியாளர் அவிநாசியாக வந்து தானே கலங்குகிறார். ஒரே முகம் மாறி மாறி எதிரில் வர, யார் எவர் என்று தெரியாமல் விழிக்கிறார். அதாவது பாலையாவின் நாற்காலியில் இப்போது நாகேஷ். கமல் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். நாலு கமல் இருந்தும் பின்பாதியில் நான் தேடுவது அவிநாசியைத்தான்.

பாட்டில் 'காதலிக்க நேரமில்லை'க்கு இசையமைத்த விஸ்வநாதன்–ராமமூர்த்தி கை ஓங்கியிருக்கிறது. கமல் படத்தின் 'சுந்தரி நீயும்' எனக்கு உயிர்தான். ஆனாலும் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டாக மட்டும் இல்லாமல் கதையையும் நகர்த்துகிறதே.

குறைகளும் உண்டு. மலை விளிம்பில் வீடு ஆடும் உச்சக்கட்டம் புதிதாகப் பார்க்கும்போது அட்டகாசம், பழகியபின் நீளம். நாலு கமல்களில் ஒருவரான மைக்கேலின் பகுதியை நான் இப்போதெல்லாம் ஓட்டிவிடுகிறேன். ஸ்ரீதர் படத்திலும் முத்துராமனின் கிழவர் வேடம் இல்லாத காதல் காட்சிகள் சில சுமார்தான்.

வசனம் மனப்பாடமான பிறகு 'மைக்கேல் மதன காமராஜன்' பார்ப்பது ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அடுத்த வரியை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். முகத்தை அப்படி மனப்பாடம் செய்ய முடியவில்லை. அதனால் என் ஓட்டு, மூக்கு நுனி வித்தியாசத்தில், பாலையாவுக்கு. நாலு பேர் கூடி உட்கார்ந்து பார்ப்பதென்றால் மட்டும் காமேஸ்வரனைப் போடுங்கள். கூட்டத்தில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருந்தால் இன்னும் விசேஷம்.