போனா, ஆக்‌ஷன் கேமராவா, பாக்கெட் கேமராவா? குடும்பப் பயணத்துக்கு நான் எடுத்த முடிவு

2024 மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொன்னார் அப்பத்தா. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துப் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது. வீடு மண்டபத்தில். இலங்கைக்கு ரயிலும் கப்பலுமாகப் போகும் போட் மெயிலில் போய் வந்துகொண்டிருந்த தன் அண்ணனைப் பற்றி, மறுநாள் காலை கேள்விப்பட்டதைப் பற்றி, அதுவரை எங்களிடம் சொல்லாததை எல்லாம் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். நான் இரண்டரை மீட்டர் தள்ளி நின்று போனில் எடுத்தேன். பதினொரு நிமிடம்.

ராத்திரி லாட்ஜில் போட்டுப் பார்த்தால் வெறும் காற்று. அப்பத்தாவின் முகம் தெளிவாக இருக்கிறது, வாய் அசைகிறது. காதில் விழுவது தார்ப்பாய் அடித்துக்கொள்வது போன்ற இரைச்சல்தான். நடுநடுவே "தண்ணி", "எங்கண்ணன்" என்று இரண்டு மூன்று சொற்கள் மட்டும் கேட்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகு திண்ணையில் உட்காரவைத்து மறுபடி கேட்டேன். சொன்னார். ஆனால் அங்கே நின்று சொன்னது மாதிரி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எதில் வீடியோ எடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். மச்சானின் ஆக்‌ஷன் கேமரா, அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய பாக்கெட் கேமரா, அப்பாவின் பழைய ஹேண்டிகேம், அலமாரியில் கிடந்த பழைய போன் என நாலையும் வைத்துப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிம் கழற்றிய பழைய போனும், சட்டையில் மாட்டும் சின்ன வயர்லெஸ் மைக்கும்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அப்பாவின் ஹேண்டிகேமை விட்டால் மற்ற வகைகள் இன்றைக்கு 4கே எடுக்கும், பகல் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். நம் வீட்டு டிவியில் பார்க்க 1080 (ஃபுல் எச்டி) கூடப் போதும். எனக்கு முடிவைச் சொன்னது குரல்தான்.

அப்பா 2005-ல் மினி-DV என்ற சின்னக் கேசட் போடும் ஒரு ஹேண்டிகேம் வாங்கினார். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம். படம் 720-க்கு 576 புள்ளிதான், இன்றைய டிவியில் போட்டால் கரைந்துபோன மாதிரி தெரியும். ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் அதைப் போட்டுப் பார்க்கிறோம், ஏனென்றால் தாத்தா அதில் பேசுகிறார். "வெளக்கப் போட்டுட்டு எடுடா" என்று அப்பாவை அதட்டுகிறார். மங்கலான படத்தைக் கண் பொறுத்துக்கொள்கிறது. கேட்காத குரலை எதை வைத்துச் சரிக்கட்டுவது?

ஹேண்டிகேமில் இரண்டு நல்ல குணம் உண்டு. லென்ஸுக்குக் கீழே முன்பக்கம் பார்த்த மைக், கூடவே லென்ஸாலேயே கிட்டே கொண்டுவரும் உண்மையான ஆப்டிகல் ஜூம். முதுமலையில் தூரத்தில் நிற்கும் யானையையோ, பள்ளி ஆண்டு விழா மேடையையோ எடுக்க இன்றைக்கும் அதுதான் சரி. ஆனால் கடையில் புது மாடல் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கேசட் மாடலாக இருந்தால் அதைக் கணினியில் ஏற்றுவதற்கு ஃபயர்வயர் துளை வேண்டும், புது மடிக்கணினிகளில் அது கிடையாது. இருக்கிற கேசட்டுகளை மெஷின் ஓடும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பதற்கு அது வேண்டாம்.

ஆக்‌ஷன் கேமரா மச்சான் வைத்திருப்பது. தண்ணீரில் பத்து மீட்டர் ஆழம் வரை தனி உறை இல்லாமலே தாங்கும். குற்றாலத்தில் ஐந்தருவிக்கடியில் என் மகள் தலையை நீட்டிக் கத்துவதை அதில் எடுத்தார், வேறு எந்தக் கருவியும் அங்கே போயிருக்காது. பைக், படகு, நீச்சல்குளம் என்று ஓடியாடும் குடும்பமாக இருந்தால் யோசிக்காமல் அதை வாங்கலாம். எங்கள் பயணங்களில் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான். அகன்ற லென்ஸில் பேசுகிறவர் முகம் சின்னதாகிவிடுகிறது, சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் படம் புள்ளி புள்ளியாகிறது. தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு பேசினால் மைக் துளையில் நீர் நின்று, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. உதறி ஊதிவிட்ட பிறகுதான் சரியாகிறது. நான் அதைக் கையாண்டது இரண்டு நாள்தான், அதனால் இதற்கு மேல் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

என் முடிவுக்கு உண்மையான போட்டி பாக்கெட் கேமராதான். நண்பரிடம் இருந்தது டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3. 2023 அக்டோபரில் வந்த மாடல், ஓர் அங்குல சென்சார், ஆட்டத்தைச் சமன் செய்யும் மூன்று அச்சு கிம்பல். திரையைப் பக்கவாட்டில் திருப்பினாலே ஆன் ஆகிவிடும். கொடைக்கானலுக்கு நான்கு நாள் கொண்டுபோனேன். கோக்கர்ஸ் வாக்கில் நடந்துகொண்டே எடுத்தது, தண்டவாளத்தில் வைத்துத் தள்ளிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. இருட்டிலும் என் போனைவிட நன்றாக எடுத்தது. அதே நிறுவனத்தின் மைக், நடுவில் ரிசீவர் (மைக்கின் ஒலியை வாங்கிக் கொடுக்கும் சின்னக் கருவி) எதுவும் இல்லாமல் நேரடியாகச் சேர்ந்துகொள்கிறது. தனியாக ஊர் சுற்றி வீடியோ போடுகிற ஆளாக இருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆனால் லென்ஸ் இருக்கும் அதன் தலை ஆளைப் பார்த்துத் திரும்பும். அப்பத்தா பேச ஆரம்பித்தார். அவர் லேசாகச் சாய, கேமராவின் சின்னத் தலையும் அவரைத் தொடர்ந்து திரும்பியது. "என்னடா இது, நம்மளையே பாக்குது" என்று பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளும் அதன் முன்னால் அவர் கதை எதுவும் சொல்லவில்லை. போன் என்றால் அவருக்கு அப்படியில்லை. வீட்டில் எப்போதும் யார் கையிலாவது இருப்பது, அதை அவர் கண்டுகொள்வதே கிடையாது. இன்னொன்று, பாக்கெட் கேமராவுக்குத் தண்ணீர் ஆகாது. தனுஷ்கோடி மணலில் அந்த நுணுக்கமான மோட்டாரை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. விலையும் மைக்கோடு சேர்த்தால் ஒரு நல்ல போன் விலை.

இனி மைக் விஷயம். எவ்வளவு விலை போட்டு வாங்கிய போனாக இருந்தாலும் காற்றில் குரல் போவதற்குக் காரணம் எளிது. காற்று மைக் துளையில் நேராக மோதி அங்கேயே இரைச்சலை உண்டாக்குகிறது, நீங்கள் தள்ளி நின்றாலும் கிட்டே நின்றாலும் அது குறையாது. குரல் அப்படியில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறைந்துவிடும். அப்பத்தாவின் வாயிலிருந்து நெஞ்சுக்கு இருபது சென்டிமீட்டர், நான் நின்ற இடத்துக்கு இரண்டரை மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 டெசிபல் வித்தியாசம். எந்தக் கேமரா வாங்கினாலும் அது என் கையில்தானே இருக்கும்? மைக் அவரிடம் போக வேண்டும். இது புரிந்த அன்றைக்கு எந்தக் கேமரா என்ற கேள்வியே எனக்குச் சின்னதாகிவிட்டது.

டிஜேஐ மைக் மினி, ரோட் வயர்லெஸ் கோ என்று பல இருக்கின்றன, பெயர் தெரியாத மலிவான ஜோடிகளும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். மைக்கின் மேல் போடும் ரோமத் தொப்பி கூடவே வர வேண்டும், கடற்கரையில் வெறும் ஸ்பான்ஜ் போதாது. ரிசீவர் உங்கள் போனின் டைப்-சி துளையில் பொருந்த வேண்டும். உங்கள் போனின் கேமரா செயலி வெளி மைக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்கள் மைக் சொருகியிருந்தாலும் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். கடையிலேயே பத்து விநாடி எடுத்து, மைக்கை விரலால் தட்டி, போட்டுக் கேட்டுவிடுங்கள். போனின் செயலி ஒத்துவராவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியை முயன்று பாருங்கள். எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் அது ஓடாது. ஓடினால் ஒலி அளவைத் திரையிலேயே காட்டும்.

மாட்டும் இடமும் முக்கியம். முதல் முறை சேலை மடிப்பில் தோள் பக்கம் மாட்டினேன், பருத்திச் சேலை உரசும் சத்தம் முழுக்க விழுந்தது. இப்போது ரவிக்கைக் கழுத்தின் ஓரத்தில், சங்கிலி படாத பக்கமாக மாட்டுகிறேன். அவர் முதுகைக் காட்டித் திரும்பினால் சிக்னல் விட்டுவிட்டு வரும், உடம்பே அதை மறைத்துவிடுகிறது. அதனால் நான் எப்போதும் அவருக்கு முன்னால்.

பழைய போன் எதற்கென்றால், கையில் இருக்கும் போனுக்குப் பயணத்தில் ஏகப்பட்ட வேலை. வழி பார்க்க, டிக்கெட் காட்ட, டீக்கடையில் ஸ்கேன் பண்ண, நடுவில் ஆபீஸ் கால் வேறு. மனைவி மாற்றிய பழைய போன், 128 ஜிபி. எல்லாவற்றையும் அழித்து, சிம்மைக் கழற்றி, ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டேன். அதில் 1080-ல் ஒரு மணி நேரம் எட்டு ஜிபிக்குள் முடிகிறது. ராத்திரி படுக்கும் முன் டைப்-சி பென்டிரைவில் ஒரு பிரதி. தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன், 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். பேட்டரிதான் பலவீனம், பவர் பேங்க் இல்லாமல் அரை நாள் தாண்டாது. ரிசீவர் சொருகிய துளையிலேயே சார்ஜும் ஏற்ற வேண்டியிருப்பதால், ரிசீவரிலேயே சார்ஜ் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

2025 பொங்கல் லீவுக்கு மறுபடி தனுஷ்கோடி போனோம். வாடைக்காற்று அன்றைக்கும் சும்மா விடவில்லை. அப்பத்தா அதே சுவரருகே நின்றார். போன தடவை சொன்னதில் பாதியைச் சொல்லவில்லை, சொல்லாத வேறொன்றைச் சொன்னார். காற்று பின்னால் மெல்ல ஓடுகிறது, ஒவ்வொரு சொல்லும் முன்னால் நிற்கிறது.

ராத்திரி லாட்ஜில் ஹெட்போனை அவர் காதில் வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பக்கத்தைக் கழற்றி, "இது ஏங் கொரலா? எங்க ஆத்தா பேசற மாதிரியே இருக்கு" என்றார். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டு, மொதல்ல இருந்து போடு என்று கையைக் காட்டினார்.